கண்டதைச் சொல்கிற அக்கா

எங்கள் பெரிய டாக்டரின் முகத்துக்கு நேரே, "காதோரம் டை வழியுதுங்க" என்று சொன்ன ஒரே ஆள் அந்த அக்காதான். சேலத்தில் நான் டெக்னீஷியனாக இருக்கும் ஆஸ்பத்திரியில், ஸ்கேன் பிரிவுக்குத் தலைவர் அந்த டாக்டர். அவர் வருகிறார் என்றால் வராந்தாவில் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. அன்றைக்கு வெளியில் கொளுத்துகிற வெயில். வேர்த்து விறுவிறுத்து வந்தவரின் காதுக்குக் கீழே கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையையும் எடுத்து நீட்டினார். டாக்டர் வாங்கித் துடைத்துக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்காவுக்கு எங்கள் சிரிப்பு விளங்கவே இல்லை.

"இதுல சிரிக்க என்ன இருக்குது? பாத்துட்டும் பேசாம நின்னீங்களே, அதுதான தப்பு?" என்றார்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். நான் முதலில் அம்மா என்று கூப்பிட்டேன், "எனக்கு அவ்வளவு பெரிய புள்ளை கெடையாது, அக்கான்னு கூப்புடு" என்று திருத்தினார். சோதனையில் சேர்ந்த பெண்களை எங்கள் கணக்கில் எண்ணால்தான் குறிப்போம், பெயர் வெளியே வரக் கூடாது என்பது விதி. அதனால் இங்கேயும் அக்கா என்றே எழுதுகிறேன்.

அது என்ன சோதனை என்று சொல்லிவிடுகிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, கீமோ முடிந்து, எல்லாம் அடங்கிவிட்டது என்று வீட்டுக்குப் போன பெண்களுக்கும் ஒரு பயம் மிச்சம் இருக்கும். எலும்பிலோ ஈரலிலோ நுரையீரலிலோ நோய் பதுங்கிக் கிடக்கிறதா? அதைத் தேடக் கதிரியக்கம் உள்ள ஒரு திரவத்தை ஊசியில் ஏற்றுவோம். அது உடம்பு முழுக்கச் சுற்றி, நோய் இருக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். படத்தில் அந்த இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். பழைய திரவங்கள் சில சமயம் கோட்டை விட்டுவிடும் என்பதால் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதை ஆட்களுக்கு ஏற்றிப் பார்க்கும் ஆரம்பச் சோதனை எங்கள் ஆஸ்பத்திரியிலும் நடந்தது. பெங்களூரில் விடியுமுன்னே தயாராகி, ஈயக் குடுவைக்குள் அடைபட்டு, காரில் வரும். வருகிற வழியெல்லாம் ஐஸ்கட்டி கரைகிற மாதிரி அதன் வீரியம் கரைந்துகொண்டே இருக்கும். தொப்பூரில் ஒரு லாரி கவிழ்ந்து ரோடு அடைத்துக்கொண்டால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

சேர வந்த பெண்களை ஒன்றாக உட்கார வைத்து எங்கள் சின்ன டாக்டர் விளக்கினார். பாவம், நன்றாகத்தான் விளக்கினார். ஆனால் "இந்த மருந்து, இந்த மருந்து" என்று நாலு தடவை சொன்னதில், எங்கள் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இந்த மருந்துலயே எல்லாம் குணமாயிடுமா டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் திகைத்துப் போனார். நோயைக் காட்டுவதற்கு, குணமாக்க அல்ல என்று அவர் திரும்பச் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் மருந்து என்ற ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது பின்வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இது மருந்தில்ல அம்மிணி, மை. ஆடு களவு போனா மை போட்டுப் பாப்பாங்கல்ல? வெத்தலையில மையத் தடவி, உத்துப் பாத்து, ஆடு இன்ன தெசையில கட்டிக் கெடக்குதும்பான். மை போயி ஆட்டைப் புடிச்சாந்து குடுத்துருமா? இருக்கற எடத்தக் காட்டும், அவ்வளவுதான். அதுலயும் இது புது மை. மெய் சொல்லுதா பொய் சொல்லுதான்னு பாக்கறதுக்குத்தான் நம்மளக் கூப்புட்டிருக்கறாங்க."

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. ஆனால் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் பிரிவில் அதற்கு மை என்றே பேர் விழுந்துவிட்டது. பெரிய டாக்டர்கூட, "மை வந்துடுச்சா?" என்றுதான் கேட்பார்.

மை என்று பேர் வைத்ததில் ஒரு வில்லங்கம் இருந்தது. அதையும் அக்காவேதான் கிளப்பினார். கையெழுத்துப் போடுவதற்கு முன் பெரிய டாக்டரிடம், "மை போட்டவன் கண்டதச் சொல்லாம எந்திரிக்கக் கூடாதுங்க. எந்திரிச்சா அந்தக் குத்தம் அவனத்தான் சேரும்பாங்க. நீங்க எப்பச் சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

சொல்ல மாட்டோம் என்பதுதான் விதி. புது மை காட்டும் வெளிச்சம் நிஜமான நோயா, வீண் பயமா என்று யாருக்கும் இன்னும் தெரியாது. அதை நம்பி ஒரு பெண்ணைக் கலங்கடிக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் வழக்கமான பரிசோதனைகளைச் செய்து, அதில் உறுதியானால் மட்டும் சொல்வோம். டாக்டர் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார்.

"அப்ப நீங்க படத்தப் பாத்துக்கிட்டு இருப்பீங்க, நான் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கோணும்" என்று சிரித்துக்கொண்டே அக்கா கையெழுத்துப் போட்டார். எதற்காகச் சேர்கிறீர்கள் என்று பிறகு நான் கேட்டேன். பெரிய தியாகம் எல்லாம் பேசவில்லை. "ஆறு மாசத்துக்கு ஒருக்கா அரை நாளு ஊட்ட உட்டு வெளிய வந்தாப்பல ஆச்சு அம்மிணி" என்றார்.

வீட்டில் அவருடைய கணவர் இருந்தார். போர்வெல் ரிக்கில் ட்ரில்லராக வடக்கே ஊர் ஊராகச் சுற்றியவர். ராஜஸ்தானில் ஒரு நாள் பைப் சரிந்து இடுப்பில் விழுந்ததில் கால் இரண்டும் செயலற்றுவிட்டன. ஒரே மகனும் ரிக்கோடு வடக்கேதான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, எல்லாம் அக்காதான் தூக்குவார். முன்பு ஒரு தடவை ஆள் வைத்தார்களாம். குளிக்க வைக்கும்போது அந்த ஆள் முகம் சுளித்ததைக் கணவர் பார்த்துவிட்டார். அதோடு சரி, வேறு ஆள் தொட்டால் சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துவிட்டார். "ரிக்கு மேல நின்னு பத்துப் பேர அதட்டுன மனுசன். இப்ப ஒருத்தன் மூக்கப் புடிச்சுக்கிட்டுக் கழுவி உட்டா தாங்குவாரா?" என்பார் அக்கா. முதுகு வலிக்கிறது என்று எப்போதாவது சொல்வார். தூக்குகிற முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று நாங்களும் விட்டுவிடுவோம்.

ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் தனி அறையில் உட்கார வேண்டும். உடம்பில் கதிர் இருப்பதால் யாரும் கிட்டே போகக் கூடாது. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார்கள். அக்காவால் பேசாமல் இருக்க முடியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் என்னோடு மைக்கில் பேசிக்கொண்டே இருப்பார். என் ஆத்தூர்ப் பேச்சை வைத்து ஓட்டுவார். "'ங்க' போட்டா உனக்கு வாய் நோவுமா அம்மிணி?" என்பார். நான் வீம்புக்கு எல்லாச் சொல்லுக்கும் 'ங்க' போட்டுப் பேசினால், "இது நக்கலு" என்பார்.

அக்காவுடைய தங்கச்சி மகள் கதையையும் அப்படித்தான் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கல். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டுப் போய், எல்லாம் கூடிவந்து, தட்டு மாற்றப் போகும் நேரத்தில் அக்கா சபையில் வைத்து, "புள்ளைக்கு எடது கண்ணு சரியாத் தெரியாதுங்க, அதத் தெரிஞ்சுதான கட்டறீங்க?" என்று கேட்டுவிட்டார். கல்யாணம் நின்றது. தங்கச்சி அதற்குப் பிறகு இவர் முகத்தில் விழிப்பதில்லை.

"உங்களுக்கு எதுக்குக்கா அந்த வேலை?" என்றேன்.

"கட்டுனதுக்கப்பறம் தெரிஞ்சா அவளத்தான அடிப்பான்? கண்டதச் சொன்னேன். இப்ப எல்லாந் தெரிஞ்ச ஒருத்தன் கட்டியிருக்கறான், நல்லா வெச்சிருக்கறான். எந்தங்கச்சிக்குத்தான் கோவம் தீரல" என்றார். சொல்லிவிட்டு, சின்ன வயதில் தங்கச்சி தன் இடுப்பை விட்டு இறங்கவே மாட்டாள் என்ற கதைக்குப் போய்விட்டார். தங்கச்சி மேல் உயிர் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

காத்திருக்கும் ஹாலில் ஒரு நாள் பெண்கள் சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஹாலில் அது சகஜம். ஒரு வயதான அம்மா, "எனக்கு வேற ஆசையே இல்ல, பூவும் பொட்டுமா போய்ச் சேர்ந்தா போதும்" என்றார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

"எனக்கு அது வேண்டாமுங்க" என்றார் அக்கா. "எனக்கு முந்தி அவரு போயிரோணும். தெனமும் பொழுது கெளம்புனா திருச்செங்கோட்டு மலையப் பாத்து அதத்தான் கேக்கறேன்."

அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "என்ன வார்த்தை இது, கட்டுன புருசனை" என்றார்.

"நான் போயிட்டா அவர ஆருங்க தூக்குவாங்க? நீங்க வந்து தூக்குவீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை, பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஒரு மனைவி கணவன் மேல் வைத்த பிரியத்தை அதைவிட வெளிப்படையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அதை அந்த ஹாலில் ஒருவரும் பிரியம் என்று எடுத்துக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. அடுத்த தடவை ஸ்கேனுக்கு வந்தபோது, ஊசி இருக்கும் ஈயப் பெட்டியோடு நான் கிட்டே போனேன். என்னை ஒரு பார்வை பார்த்தவர், கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நில்லு. நீ முழுகாம இருக்கற. இதத் தூக்கிக்கிட்டு ஏங்கிட்ட எதுக்கு வாரே?"

பத்துப் பேருக்குக் கேட்கும்படி சொன்னார். எனக்கும் என் கணவருக்கும் தவிர அது யாருக்கும் தெரியாது. முதலில் ஒன்று தங்காமல் போயிருந்ததால், இதையாவது கொஞ்சம் நிலைத்தபிறகு சொல்லலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல. பாத்ரூமில் போய் அழுதேன். அன்றைக்கே பெரிய டாக்டர் என்னை ஊசி வேலையிலிருந்து எடுத்துவிட்டார். மகள் பிறந்து, நான் திரும்பி வேலைக்கு வந்தபோது, பால் கொடுக்கிறவள் என்று சொல்லி, படம் வரும் கம்ப்யூட்டருக்கு முன்னாலும் போனுக்கு முன்னாலும் உட்கார வைத்தார்கள். மகளைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவின் அந்த 'நில்லு' ஞாபகம் வரும்.

ஆடி மாதம் அக்காவின் படத்தை நான்தான் எடுத்தேன். இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் மூன்று இடத்தில் வெளிச்சம். பழைய முறையில் எடுத்த படத்தில் அங்கே ஒன்றுமே இல்லை. மைக்கைத் தட்டி, "முடிஞ்சுதுக்கா, எந்திரிக்கலாம்" என்றேன். குரல் என் குரலாக இல்லை. வெளியே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை.

பெரிய டாக்டர் உடனே எம்ஆர்ஐக்கு எழுதினார். எலும்பிலிருந்து துளி எடுத்துப் பார்த்தார்கள். உறுதியாகிவிட்டது. அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். நானும் இருந்தேன்.

"அப்ப புது மை மெய்தான் பேசுது" என்றார் அக்கா. அதில் நிஜமாகவே ஒரு திருப்தி இருந்தது. தன் சாவுச் செய்தியைக் கேட்டுக்கொண்டே, மை பொய் சொல்லவில்லையே என்று ஒருவரால் திருப்திப்பட முடியும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

டாக்டர், "பயப்படாதீங்க, மாத்திரை இருக்கு, ரேடியேஷன் இருக்கு, வருஷக்கணக்கா ஓட்டலாம்" என்றார். "ஒண்ணே ஒண்ணு. கனம் தூக்கக் கூடாது. தண்ணிக் குடம்கூட."

"அவரத் தூக்கறதுங்க?"

"கூடவே கூடாது. எலும்பு உள்ள அரிச்சுப் போயிருக்கு. நொறுங்கிடுச்சுன்னா உங்க காலும் போயிடும். ஆள் வெச்சுக்கங்க. வேணும்னா வீட்டுக்காரர்கிட்ட நான் போன்ல பேசறேன்."

அக்கா மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே, "நானே சொல்லிக்கறேனுங்க. நான் எதைங்க ஒளிச்சிருக்கறேன்?" என்றார். அதுவும் சரிதானே என்று டாக்டர் சிரித்தார்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் போன் பண்ணுவேன். மாத்திரை சாப்பிட்டாரா, வலி எப்படி என்று விசாரிப்பது என் வேலை. ஆள் கிடைத்தாரா என்று கேட்டேன்.

"வெச்சாச்சு அம்மிணி. சங்ககிரியில லாரிக்கு லோடு ஏத்துன ஆளு. மூட்டை தூக்குன கையில்ல, அவரப் பஞ்சாட்டந் தூக்கறாரு."

"உங்க வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாரா?"

"மொதல்ல மொறைச்சாரு. இப்ப ரெண்டு பேருஞ் சேந்துக்கிட்டு ரிக்குக் கதையும் லாரிக் கதையும் பேசறாங்க, எனக்குத்தான் காது போவுது. அந்தாளுக்கு இட்லி ஊத்தி ஊத்தி மாவு பத்தறதில்ல."

நான் சிரித்தேன். அடுத்தடுத்த வாரங்களிலும் அந்த லோடுமேன் கதைகள் வந்தன. அவர் மீசை, அவர் குறட்டை, அவர் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்க வைப்பது எல்லாம் எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது. பெரிய டாக்டரிடமும் சொன்னேன். அவருக்கும் நிம்மதி.

தீபாவளிக்கு மறுநாள் அக்காவை வேனில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. முதுகெலும்பு நொறுங்கியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றார். பக்கத்து வீட்டுப் பெண் துணைக்கு இருந்தார், மகன் வடக்கேயிருந்து வந்து அப்பாவோடு வீட்டில் இருந்தான். டாக்டர்கள் எவ்வளவோ பார்த்தார்கள். படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது, காய்ச்சல் இறங்கவில்லை. கடைசியாக நான் வார்டில் பார்த்தபோது, மூச்சு வாங்க வாங்க, "உம்புள்ளை தவழறாளா?" என்று கேட்டார். தவழ்கிறாள் என்றேன். கார்த்திகை பிறக்கும் முன்னே போய்விட்டார்.

மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு அக்காவின் ஊருக்குப் போனேன். வாசலில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். நெற்றி நிறைய மஞ்சளும் குங்குமமும், தலை நிறையப் பூ. பெண்கள் வரிசையாக வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். "மகராசி, பூவும் பொட்டுமாப் போயிட்டா. குடுத்து வெச்சவ" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தங்கச்சி கால்மாட்டில் உட்கார்ந்து, "அக்கா, ஒரு வார்த்தை பேசுக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. அந்தப் பெண்கள் மேலா, திருச்செங்கோட்டு மலை மேலா, யார் மேல் என்று தெரியவில்லை.

உள்ளே கட்டிலில் அவர் கணவர் சுவரில் சாய்ந்திருந்தார். எலும்பும் தோலுமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அகன்ற தோளும் பெரிய கையுமாக, நல்ல கனத்த மனிதர். நான் யார் என்று சொன்னதும் கையைக் கூப்பினார். என்ன பேசுவதென்று தெரியாமல், "அந்த லோடுமேன் எங்கங்க, காணோமே?" என்று கேட்டேன்.

"எந்த லோடுமேனுங்க?"

"உங்களத் தூக்கறதுக்கு அக்கா வெச்ச ஆளு. சங்ககிரிக்காரர்."

அவர் என்னையே பார்த்தார். "என்னை அவளத் தவிர ஆருங்க தூக்குனாங்க?" என்றார். பிறகு, "எதுக்குங்க ஆளு வெக்கோணும்?" என்று கேட்டார்.

மீசையும் குறட்டையும் பாட்டும், எல்லாமே அக்கா போனில் எனக்காகக் கட்டியது. இவருக்கு முதுகு விஷயமே தெரியாது. தெரிந்தால் கட்டிலை விட்டு அசைய மாட்டேன் என்று படுத்துவிடுவார் என்று அக்கா அவரிடம் வாயைத் திறக்கவே இல்லை. கண்டதை எல்லாம் ஊருக்கே சொன்னவர், தன் உடம்பில் கண்டதை இந்த ஒருவரிடம் மட்டும் சொல்லவில்லை.

வாசலில் பறை அடிக்க ஆரம்பித்தார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கு அது முடியவில்லை. முதுகெலும்பில் நோய் பரவியிருந்ததையும், எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

"எப்பங்க அவளுக்குச் சொன்னீங்க?"

"ஆடியிலங்க."

அவர் தன் கால் ஒன்றைக் கையால் இழுத்து நேராக வைத்தார்.

"தீவாளிக்குச் சுடுதண்ணி காய வெச்சுட்டு வந்து, இந்த வருசம் ஒடம்பத் தொடச்சு உட்டர்றேன், அது போதும்னு சொன்னாளுங்க" என்றார். "நல்ல நாளும் அதுவுமா எண்ணெ வெச்சுத் தலைக்கு ஊத்தியே ஆவோணும்னு நாந்தானுங்க அடம் புடிச்சேன்."